துவாதசிக் காலையும் மெஹருன்னிசா சிஸ்டரும்

போன செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு நான் சிஸ்டருக்குப் போன் செய்தது திட்டுவதற்காகத்தான். கிளினிக்கில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஊசி போட ஆளில்லை. போனை எடுத்தது அவருடைய மகள். "டாக்டரம்மா, அம்மா விடியக்காலம் சுபுஹு தொழ எழுந்திரிச்சாங்க, நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே மவுத்தாயிட்டாங்க." வாய்வரை வந்த வசவை விழுங்கிக்கொண்டு நின்றேன். ஸ்ரீரங்கத்தில் இருக்கும் எங்கள் சின்ன கிளினிக்குக்குப் பத்தொன்பது வருடமாகப் பாலக்கரையிலிருந்து பஸ் பிடித்து வந்தவர் மெஹருன்னிசா. அதுவரை ஒருநாள்கூட அவர் தாமதமாக வந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அவரிடம் ஊசி போட்டுக்கொண்ட உங்களுக்கெல்லாம் அவருடைய கை லேசானது என்று தெரியும். வாய் அப்படியில்லை. அதை வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான்.

ரங்கராஜன் மாமாவின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அறுபத்து மூன்று வயது. ரத்தசோகை என்று வந்தார். மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் ரத்தம் ஏறவில்லை. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று அவர்மேலேயே பழி போட்டேன். அவர் வெளியே போனதும் சிஸ்டர் கதவைச் சாத்தினார்.

"ஒழுங்காத்தான் சாப்பிடறாரு டாக்டரம்மா. மாத்திரை போட்டும் ஏறலேன்னா எங்கயோ இறங்குது. ஆளு பாதியாயிட்டாரு, பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. அவரைத் திரும்பக் கூப்பிட்டுப் படுக்க வைத்து வயிற்றில் கை வைத்தேன். வலது பக்கம் கல்லாட்டம் ஒரு கட்டி தட்டுப்பட்டது. மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேட்டேன். "ஆமாம், நாலஞ்சு மாசமா. இரும்பு மாத்திரையாலன்னு நெனச்சேன்" என்றார். மாத்திரை ஆரம்பித்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்பே உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது.

அன்றே தில்லை நகரில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையின் குடல் நிபுணருக்குக் கடிதம் எழுதினேன். குழாய் விட்டுக் குடலைப் பார்க்க வேண்டும். அதற்கு முதல்நாள் பட்டினி கிடந்து பேதி மருந்து குடிக்க வேண்டும். மாமா ஏகாதசி தவறாதவர். எப்படியும் பட்டினிதானே என்று மறுநாள் துவாதசிக் காலையையே கேட்டு வாங்கினேன். பெரிய கெட்டிக்காரி என்று எனக்கு நினைப்பு.

துவாதசியன்று பத்து மணிக்கு அங்கிருந்து போன் வந்தது. குடல் முழுக்கக் கீரை, ஒன்றும் தெரியவில்லை, அடுத்த தேதி மூன்று வாரம் கழித்துத்தான் என்றார்கள். மாமா பேதி மருந்தைச் சொட்டு விடாமல் குடித்திருந்தார். விடிந்ததும் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சேர்த்து விரதத்தை முடிக்கும் பாரணையையும் செய்திருந்தார்.

மதியம் கிளினிக்குக்கு வந்தார். "வெறும் வயிறுன்னு சொன்னேள். பாரணை சாப்பாட்டுல சேத்தியா டாக்டர்? பெருமாள் பிரசாதம்னா?"

"படிச்சவர்தானே நீங்க? உசிரு முக்கியமா, கீரை முக்கியமா?" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். மாமா கடிதத்தை மேசைமேல் வைத்தார். "இனிமே எனக்கு எந்த டெஸ்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சிஸ்டர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. "நோன்பு பிடிக்கிறவ நான் சொல்றேன். நோன்பு திறக்கிறது பசிக்குத் திங்கிறது இல்ல டாக்டரம்மா, அது கடமை. அந்தத் தேதிய நீங்கதானே கேட்டு வாங்குனீங்க? அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" கடிதத்தை எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்கு நடந்தார். வாசலில் மாமியிடம் அரைமணி நேரம் பேசியிருக்கிறார். என்ன பேசினார் என்று இன்றுவரை தெரியாது. திரும்பி வந்து, "வர்றேன்னுட்டாரு. மூணு வாரமெல்லாம் ஆகாது, போன் போடுங்க" என்றார். நிபுணர் வரிசைப்படிதான் என்றார். சிஸ்டர் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "சார், வெள்ளிக்கிழமை யாராச்சும் வரலேன்னா அந்த இடத்தக் குடுங்க. நாங்க காலையிலேருந்து அங்கயே உக்காந்திருக்கோம்" என்றார்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு ஆட்டோவில் மாமாவை அழைத்துக்கொண்டு போனார். பத்து ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று, போன் வரவில்லை. ஒரு குழந்தையின் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டு எதையும் கேட்காமல் உட்கார்ந்திருந்தேன். என் மூன்று மாத இரும்பு மாத்திரை அந்த மனிதரின் உயிரைத் தின்றிருக்குமோ என்று பயம். மத்தியானம் ஒன்றரை மணிக்கு, இடம் கிடைத்துவிட்டது, உள்ளே கொண்டுபோகிறார்கள் என்று ஒரு வரி. அப்புறம் ஒரு மணி நேரம் கழித்துத்தான் சிஸ்டர் போன் செய்தார்.

"பாத்துட்டாங்க டாக்டரம்மா. புத்துநோய் மாதிரிதான் இருக்காம். ஆனா பரவல போலிருக்கு, எடுத்துடலாங்கறாங்க. நீங்க அழுவாதீங்க, வெளியில பேஷண்ட் இருக்காங்க."

அறுவை சிகிச்சை நடந்து இரண்டு வருடமாகிறது. மாமா ஏகாதசி இருக்கிறார், பாரணையும் செய்கிறார். செவ்வாய்க்கிழமை பாலக்கரையில் சிஸ்டர் வீட்டுத் தெருவில், ஜனாஸாவை அடக்கத்துக்குத் தூக்கும்வரை வெயிலில் நின்றார். நான் குடை நீட்டினேன், வேண்டாம் என்று தலையாட்டினார்.

நேற்று முசிறியிலிருந்து ஒரு வாழை விவசாயி வந்தார். இரண்டு மாதமாக ரத்தம் போகிறது, மூலம் என்று தானே முடிவு செய்து கடையில் மருந்து வாங்கித் தின்றிருக்கிறார். தில்லை நகருக்குக் கடிதம் எழுதுவதற்கு முன் பேனாவை மூடி வைத்துவிட்டு, "எந்த நாள் உங்களுக்குத் தோதுப்படாது?" என்று கேட்டேன். கடிதத்தின் முதல் வரி இப்படி அமைந்தது: "இவருடைய வாழைத்தார் வெட்டு வியாழக்கிழமை முடிகிறது, அதுவரை வரமாட்டார், வெள்ளிக்கிழமை காலை பாருங்கள்." சிஸ்டர் எனக்கு விட்டுப்போனது அந்த வரி. அதற்குக் கீழே இன்னொரு வரியும் எழுதினேன். "இவர் வராவிட்டால் உடனே எனக்குச் சொல்லுங்கள், நான் போய் அழைத்து வருகிறேன்."

பத்தொன்பது வருடமாக, சிஸ்டர் இருந்தவரை, அந்த இரண்டாவது வரியை எழுத எனக்கு அவசியமே வந்ததில்லை.