கித்தாம் ஊற்றிய காப்பி

கரக் கோட்டைக்குப் போகும் சாலையில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில், டாக்டர் லமீஸ் பல்லுக்குக் கம்பி கட்டும் கிளினிக் இருக்கிறது. பலகையில் பெரிய எழுத்தில் இருப்பது டாக்டர் பெயர்தான். ஆனால் எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும், "கித்தாம்கிட்ட போறோம்" என்றுதான் சொல்வார்கள். வெளிநாட்டில் ஏழு வருஷம் படித்துவிட்டு வந்த டாக்டருக்கு இதில் உள்ளூரக் கொஞ்சம் எரிச்சல் இருந்தது. இருக்காதா பின்னே?

கித்தாம் என்றால் அரபியில் முடிவு என்று பொருள். ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்ததும், இத்தோடு போதும் என்று அவளுடைய அப்பா வைத்த பெயர். அதற்குப் பிறகும் இரண்டு பெண்கள் பிறந்தார்கள். பெயர் வைத்தால் மட்டும் நின்றுவிடுமா என்ன! அக்கா தங்கைகளுக்கெல்லாம் கல்யாணம் ஆகிப் போன பிறகு, படுக்கையில் விழுந்த அம்மாவைப் பதினான்கு வருஷம் பார்த்துக்கொண்டாள். அம்மாவும் போன பிறகு, முப்பத்தெட்டு வயதில், தரை துடைக்கும் வேலைக்கு இந்த மாடிப்படி ஏறினாள்.

வந்த முதல் வாரமே அவளுக்குப் பொறுக்கவில்லை. வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறார்கள். வா என்று சொல்ல ஆளில்லை, ஒரு வாய் காப்பி கொடுக்க நாதியில்லை.

"இழவு வீட்டுல கூட காப்பி ஊத்துவாங்க டாக்டரம்மா," என்றாள்.

"இது வீடில்ல கித்தாம், கிளினிக்."

"கதவு இருக்கு, நாற்காலி இருக்கு, ஜனங்க வராங்க. வீடுன்னா வேற என்ன?"

மறுநாள் அம்மாவின் பித்தளைக் காப்பிக் கூஜாவோடு வந்து நின்றாள். காப்பி பல்லில் கறை பிடிக்கும் என்று டாக்டர் தடுத்துப் பார்த்தார். "கம்பி போட்டதுங்களுக்கு நான் எதுக்குக் கொடுக்கப் போறேன்? கூட வர்ற பெருசுங்களுக்குத்தான். அதுங்க பல்லு போனா போகுது," என்று கூஜாவை அடுப்பில் வைத்துவிட்டாள்.

அப்படி ஆரம்பித்ததுதான். கம்பியை இறுக்கிய பிறகு இரண்டு நாளைக்கு எதையும் கடிக்க முடியாது என்று கண்டுகொண்டாள். மசித்த பருப்பு சூப் ஒரு பானை தினமும் தயாராக இருந்தது. வலி முதல் நாளைவிட மறுநாள்தான் அதிகம் என்று புரிந்துகொண்டு, மறுநாள் மாலையில் வீடு வீடாகப் போன் போட்டு, "சூப் குடிச்சியா கண்ணு? கம்பி கன்னத்துல குத்துதா? மெழுகை விரல்ல உருட்டிச் சூடாக்கிக் கம்பி மேல ஒட்டு," என்பாள். நாற்காலியில் படுத்த பிள்ளைகளின் கையை அவள் பிடிப்பதில்லை. காலடியில் உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துக்கொள்வாள். "கையைப் பிடிச்சா இழுத்துக்கும், காலைப் பிடிச்சா தூங்கிடும்," என்பது அவள் கணக்கு. தர்பூசணி விதை கொறித்துக் கம்பியை உடைத்துக்கொண்டு வருகிறவர்கள் அவளிடம் தப்ப முடியாது. வாசலிலேயே சட்டைப்பையைத் தட்டிப் பார்ப்பாள். ஒருமுறை போலீஸ் அதிகாரி ஒருவரின் பையிலிருந்தே ஒரு கை விதையை எடுத்துக் குப்பையில் போட்டாள். அவர் வாயைத் திறக்கவில்லை. வாய் நிறையக் கம்பி.

பதினோரு வருஷம் இப்படி ஓடியது. பிறகுதான் அபூ நாயிஃப் ஒரு காரியத்தோடு வந்தார்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். விருந்தாளிக்குப் பெரிய காரியம் ஏதாவது ஆகவேண்டும் என்றால், கொடுத்த காப்பியைக் குடிக்காமல் முன்னால் வைத்துவிடுவார். வீட்டுக்காரர் என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும். அவர் சொன்னதும், "குடிங்க, நடந்தாச்சு" என்று சொல்லவேண்டும். கொலைப்பகையும் பெண் கேட்பதும் இப்படித்தான் தீரும். குடிக்காமல் அவர் எழுந்து போனால் அந்த வீட்டுக்கு அதைவிட அவமானம் இல்லை. குடித்துவிட்டால், சொன்ன சொல்லை உயிரைக் கொடுத்தாவது காப்பாற்றியாக வேண்டும்.

இந்தப் பெரிய வழக்கத்தைக் கிளினிக்கில் விளையாட்டாக்கி வைத்திருந்தார்கள். யாராவது குறும்புக்காரர் கோப்பையைக் கீழே வைத்து, "வியாழக்கிழமைக்கு நேரம் கொடுத்தாத்தான் குடிப்பேன்" என்பார். கித்தாமும் சிரித்துக்கொண்டே, "ஆச்சு, குடிங்க" என்பாள். அதே பழக்கத்தில்தான் அன்றும் வாய் தவறிவிட்டது.

அபூ நாயிஃபின் மகள் ஷுரூக்குக்குப் பத்தொன்பது வயது. ஒரு கோரைப்பல் இறங்காமல் அண்ணத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தது. சின்னச் சங்கிலி போட்டு ஒன்றரை வருஷமாக இழுத்து, இப்போதுதான் பாதிக்கு வந்திருந்தது. அவள் உள்ளே இருந்தாள். வெளியே நான்கைந்து பேர் உட்கார்ந்திருக்க, அபூ நாயிஃப் கோப்பையைத் தரையில் வைத்தார்.

"ஆச்சு அண்ணே, குடிங்க!" என்றாள் கித்தாம், என்ன ஏது என்று கேட்காமலே.

அவர் ஒரே மடக்கில் குடித்தார். பிறகு சொன்னார்: "நல்லா இருப்பே தங்கச்சி. ஷுரூக்குக்கு நிச்சயதார்த்தம், இன்னும் பன்னிரண்டு நாள். வாயில இரும்போட பொண்ணு போட்டோவுல நிக்கக் கூடாதுன்னு சம்பந்தியம்மா சொல்லிட்டாங்க. கம்பியைக் கழட்டிடணும்."

கித்தாமின் கையில் இருந்த கூஜா கனத்தது. அவர் விளையாடவில்லை. கூட இருந்த பெரியவர்கள் தலையை ஆட்டினார்கள். சொல் போய்விட்டது.

டாக்டர் கேட்டதும் கொதித்துப் போனார். "இப்ப கழட்டினா அந்தப் பல்லு அங்கேயே நின்னுடும், முன்பல்லெல்லாம் பழையபடி கோணிக்கும். இன்னும் எட்டு மாசம் வேணும். உன்னை யாரு வாக்கு கொடுக்கச் சொன்னா? இது உன் வீடா?"

கித்தாம் அடுப்பை அணைத்தாள். கூஜாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அன்று காப்பி இல்லை, மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாள் டாக்டரே சமையலறைப் பக்கம் வந்து நின்றார்.

"கோவமா?"

"கோவமில்ல டாக்டரம்மா. நீங்க சொன்னது சரிதான், தப்பு என்னோடது. ஆனா என் சொல்லு செல்லாதுன்னா நான் ஊத்துற காப்பி வெறும் கசப்புத் தண்ணிதானே, அதை எப்படி நீட்டுவேன்? வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்குப் போறேன். கொடுத்த சொல்லைத் திருப்பிக் கேக்கப் போறேன்."

"தரலைன்னா?"

"தரலைன்னா கழட்டித்தான் ஆகணும். அந்தப் பொண்ணு வாயைக் கெடுத்த பாவம் என் தலையில. அதுக்கப்புறம் இந்தப் படியேற எனக்கு முகம் இருக்காது." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டர் தன் அறைக்குத் திரும்பிப் போனார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த நேரம் கித்தாம் தெருவில் இறங்கினபோது, டாக்டரின் கார் வாசலில் நின்றது. "ஏறு," என்றார். பின் இருக்கையில் கருவிப் பெட்டி இருந்தது. கம்பியைக் கழட்டத்தானோ என்று கித்தாமுக்குத் தோன்றியது. கேட்கத் துணிச்சல் வரவில்லை.

ஆண்கள் உட்காரும் விருந்தறைக்குள் இரண்டு பெண்கள் நுழைந்ததும், அபூ நாயிஃபும் அவருடைய தம்பிகள் இருவரும் எழுந்து நின்றார்கள். நலம் விசாரித்து முடிந்தது. அபூ நாயிஃபே காப்பி ஊற்றினார். முதல் கோப்பை டாக்டருக்கு. டாக்டர் அதை வாங்கவில்லை. பெட்டியைத் திறந்து இடுக்கியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"முதல்ல இவங்களுக்கு ஊத்துங்க," என்றார். "எங்க வீட்டுல பெரியவங்க இவங்கதான். இவங்க சொன்ன சொல்லு நான் சொன்ன சொல்லு. அரைமணி நேர வேலை, நீங்க சொன்னா இப்பவே கழட்டிடறேன். ஆனா அவங்களுக்கு உங்ககிட்ட கேக்க ஒண்ணு இருக்கு."

கித்தாம் டாக்டரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பேச்சு வந்திருக்காது. கோப்பையை இரண்டு கையாலும் வாங்கித் தரையில் வைத்தாள்.

தம்பிகளில் ஒருவர் மூச்சை இழுத்தார். அந்த அறையில் ஒரு பெண் கோப்பையைக் கீழே வைத்து யாரும் பார்த்ததில்லை.

"என்ன வேணும் தங்கச்சி?"

"அன்னிக்கு நீங்க குடிச்சீங்களே, அந்தக் காப்பியை எனக்குத் திருப்பித் தரணும் அண்ணே. எட்டு மாசம் போதும். சம்பந்தியம்மா போட்டோவை ஒருநாள் பாப்பாங்க. உங்க பொண்ணு அந்தப் பல்லோட அறுபது வருஷம் சாப்பிடணும், சிரிக்கணும்."

அபூ நாயிஃப் மேசைமேல் இருந்த இடுக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தி வீட்டாருக்கு அவரும் வாக்குக் கொடுத்திருந்தார். அவர் முகமும் இதில் அடகு வைத்ததுதான். பிறகு உள்பக்கம் பார்த்து, "ஷுரூக்!" என்றார்.

அவள் வாசற்படிக்கு வந்தாள். திரைக்குப் பின்னாலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"உனக்குத்தானே நிச்சயம். நீ என்னம்மா சொல்றே?"

அவள் இடுக்கியைப் பார்த்தாள். தரையில் இருந்த கோப்பையைப் பார்த்தாள்.

"காப்பி ஆறுதுப்பா," என்றாள். "கித்தாம் அத்தை குடிக்கட்டும்."

அபூ நாயிஃப் குனிந்து கோப்பையை எடுத்தார். ஆறினதைக் கொட்டிவிட்டு, சூடாகப் புதிதாக ஊற்றினார். "சம்பந்தியம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். நடந்தாச்சு தங்கச்சி, குடிங்க," என்று நீட்டினார்.

கித்தாம் வாங்கினாள். அம்மாவுக்கும் ஊருக்குமாக இத்தனை வருஷம் ஊற்றிக் கொடுத்தவள் அவள். தான் குடிப்பதற்காக மற்றவர்கள் காத்திருந்து அவள் பார்த்ததே இல்லை. அவள் மெதுவாகக் குடித்து முடிக்கும்வரை அந்த அறையில் யாரும் தங்கள் கோப்பையைத் தொடவில்லை.