பூட்டிய கம்ப்யூட்டரும் நான் செய்த சத்தியமும்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மழைக்கால மதியத்தில் நடந்தது இது. கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் என் கணவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். நான் மணலூர்பேட்டைப் பக்கத்துப் பெண்; படிப்பு எட்டாவதோடு சரி. ஆனாலும், மலைப் பெண்களுக்காக ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய கம்ப்யூட்டர் வகுப்பைத் திறந்து மூடிப் பார்த்துக்கொள்ளும் வேலையை என்னை நம்பிக் கொடுத்திருந்தார்கள்.

அங்கே இருந்த ஆறு கம்ப்யூட்டரும் டிவி மாதிரிதான். பின்னால் ஒரு சின்னப் பெட்டி, அவ்வளவே. எல்லாம் ஆபீஸ் அறையில் உள்ள பெரிய மெஷினிலிருந்து ஓடும். பாடம் மட்டும் வரும். வேறு எதைத் தட்டினாலும் ‘அனுமதி இல்லை’ என்று சிவப்பு எழுத்து வந்து நிற்கும். அந்தப் பூட்டைத் திறக்கும் பாஸ்வேர்டை அந்த நிறுவனத்து மேனேஜர் ஒரு சீட்டில் எழுதி என்னிடம் கொடுத்து, “யாருக்கும் தொறந்து வுடாதீங்கம்மா” என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். நான்தான் வீட்டுக்குப் போய், முருகன் படத்துக்கு முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியமே செய்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் கற்பூரம் அணைத்தால் அதற்கு மேல் பேச்சில்லை. வெள்ளிதோறும் அந்தப் பெரிய மெஷினுக்கு மஞ்சள் குங்குமமும் வைத்து வந்தேன்.

அன்று மூன்று மணி இருக்கும். கரியாலூர்ப் பக்கமிருந்து ஒரு அம்மா, மகளோடு தெப்பமாக நனைந்து வந்தார். மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க். கலந்தாய்வில் எந்தக் கல்லூரி வேண்டும் என்று பதிவு செய்ய அன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. இரண்டு நாள் மழையில் மலை முழுக்க செல்போன் டவர் படுத்துவிட்டது. எங்கள் சென்டரில் மட்டும் கம்பி வழியாக நெட் வந்துகொண்டிருந்தது.

“அக்கா, அஞ்சே நிமிசம். நீயே பக்கத்துல நின்னு பாத்துக்கினு இரு. வேற எதனா தொட்டா அவ கைய ஒடி” என்றார் அந்த அம்மா.

“ஒருத்தருக்குத் தொறந்தா ஊரே வந்து நிக்கும்மா. சாமி மேல சத்தியம் பண்ணிட்டேன். என்னால முடியாது” என்றேன்.

மகள் அந்தப் பெரிய மெஷினில் இருந்த குங்குமத்தைப் பார்த்தாள். “வாம்மா போலாம். இது சாமி பொட்டி. தொட்டா கண்ணு பூடும்.”

வாய்த்துடுக்கைப் பார் என்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஆபீசில் கம்பி போன் இருந்தது. மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சத்தியம் செய்தவளுக்குக் கேள்வி எதற்கு என்று இருந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், பாஸ்வேர்டு என் கையில் இருக்கிறது என்ற மிதப்பும் கொஞ்சம் இருந்தது.

அவர்கள் ஜீப் பிடித்து மலை இறங்கி, கள்ளக்குறிச்சி போய்ச் சேரும்போது ஐந்தரை. அடுத்த வாரம் சந்தையில் அந்த அம்மாவே சொன்னார். “வுடுக்கா, நீ இன்னா பண்ணுவ. அவ திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போய்ட்டா.” திட்டியிருந்தால் தேவலை.

பதினைந்து நாள் கழித்து மேனேஜர் தன் மைத்துனரோடு வந்தார். வந்ததும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டைத் திறந்து இருவரும் கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்தார்கள். தாங்க முடியாமல் நடந்ததைச் சொன்னேன்.

“சத்தியமா? உங்கள யாரும்மா பண்ணச் சொன்னது? படம் பாத்துக்கினு உக்காரக் கூடாதுன்னுதான் பூட்டி வெச்சோம். காலேஜுக்குன்னா தொறந்து வுட வேண்டியதுதான?” என்று சிரித்தார். மைத்துனரும் சிரித்தார்.

மழை மேல் பழி போட்டுப் பார்த்தேன், மேனேஜர் மேலும் போட்டுப் பார்த்தேன்; மனசு ஒப்பவில்லை. முருகனிடம் அழுது மன்னிப்பும் கேட்டாயிற்று. பொங்கலுக்கு ஊர் வரும் அந்தப் பெண் எங்கள் கடைக்கு வந்தால் என் முகத்தைப் பார்க்காமலே சாமான் வாங்கிப் போகிறாள். முருகனே மன்னித்தாலும் அவள் மன்னிக்க வேண்டியது தனியாக இருக்கிறது, அதைக் கேட்க இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.