சலவைக்கடை ஜாய்ஸ்டிக்

அந்தத் தெருவில் சலவைக்கடை நடத்துகிற அம்மாளுக்குப் பட்டனக்கா என்று பெயர் விழுந்ததற்குக் காரணம் உண்டு. வெளுக்க வந்த சட்டையில் ஒரு பட்டன் குறைந்தாலும் அவருக்குப் பொறுக்காது. யாரும் கேட்காமலே, கையில் அகப்பட்ட பட்டனை வைத்துத் தைத்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார். நிறம் பொருந்துகிறதா என்றெல்லாம் பார்க்க மாட்டார். வெள்ளைச் சட்டையின் நடு நெஞ்சில் பச்சைப் பட்டனோடு யாராவது ஆபீசுக்குப் போனால், எந்தக் கடையில் வெளுத்தது என்று விசாரிக்கவே வேண்டாம்.

கடை மூலையில், துணி உலர்த்தும் மெஷினுக்குப் பக்கத்தில், ஆளுயரத்துக்கு ஒரு பழைய வீடியோ கேம் பெட்டி நிற்கிறது. முன்பு அந்த அறை ஒரு விளையாட்டுக் கடை. காலி செய்தவர் மற்றதையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார். இது மட்டும், இடையில் சின்னதாக மாற்றிக் கட்டிய வாசலில் நுழையாமல், அக்கா தலையில் கட்டப்பட்டது. அக்காவுக்கு அதில் துளியும் வருத்தமில்லை. திரையில் ஒரு குட்டி நீர்மூழ்கிக் கப்பல். அதைத் திருப்ப, முன்பலகையில் ஒரு ஜாய்ஸ்டிக் குச்சி. பாறை இடுக்குகளில் புகுந்து முத்து பொறுக்க வேண்டும். பின்னால் ஒரு திமிங்கிலம் துரத்தும். துணி உலர்கிற நேரமெல்லாம் அக்கா அந்தத் திமிங்கிலத்துக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்காவின் அண்ணன் வந்துவிடுவார். இரண்டு பேருமே ஐம்பதைத் தாண்டியவர்கள். அந்தப் பெட்டி முன்னால் நின்றால் மட்டும் வயசு எங்கேயோ ஓடிவிடும். அண்ணன் கிரேன் ஓட்டுகிறவர். கட்டடங்களுக்கும் மேலே ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, ஒரு குச்சியை இரண்டு விரலால் அசைத்து, கீழே நிற்கும் ஆட்களுக்கு நடுவில் இரும்பு உத்தரத்தை முட்டையை வைப்பது போல வைக்கிற மனிதர். அப்பேர்ப்பட்டவர், கொஞ்ச காலமாகத் தங்கையிடம் வாராவாரம் மண்ணைக் கவ்விக்கொண்டிருந்தார். கப்பலைத் திருப்பிவிட்டுக் கையைத் தளர்த்துவார். அது நிற்காது. அந்தப் பக்கமே போய்ப் பாறையில் முட்டிக்கொள்ளும்.

"கை போச்சுண்ணே உனக்கு! பேசாம கிரேனை விட்டுட்டு எங்கூட வந்து துணி மடி," என்பார் அக்கா. விட்டுக்கொடுக்கிற சுபாவம் அவருக்கு மருந்துக்கும் கிடையாது. அண்ணன் பையன் சின்னவனாக இருந்தபோது அவனையும் தோற்கடித்து அழவிட்டவர்தான். அண்ணனும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு பொய் என்பது ஒரு செவ்வாய்க்கிழமை தெரிந்தது. அண்ணி போர்வை மூட்டையோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"உங்கண்ணன் கிரேனை விட்டு எறங்குறேன்னு சைட்ல சொல்லிட்டு வந்துட்டாரு. வர்ற திங்கக்கெழமைலேர்ந்து வேற ஆளாம். இவரு கேட்ல வாட்ச்மேனா உக்காரப் போறாராம்."

"ஏன்? யாரு என்ன சொன்னாங்க?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. கை சொன்னபடி கேக்க மாட்டேங்குதாம். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். கை கல்லு மாதிரி இருக்குன்னுட்டாரு. இவரு நம்பணுமே! 'டாக்டர் என்ன நீர்மூழ்கி ஓட்டவிட்டா பாத்தாரு?'ன்னு என்னையே கேக்குறாரு."

தரையில் நடக்கும்போது அண்ணன் எதையோ தொலைத்தவர் போலத்தான் நடப்பார். அந்தக் கூண்டில் ஏறினால்தான் மனிதர் நிமிர்வார். அவரைக் கொண்டுபோய்க் கேட்டில் உட்கார வைப்பதா? உடனே போன் போட்டார்.

"அண்ணே, நான் சும்மா கேலிக்குச் சொன்னதுண்ணே."

"கேலியோ நெசமோ, நீ அதே குச்சியிலதானே ஆடுற, பாப்பா? உனக்கு நிக்குது, எனக்கு நிக்கல. கீழ ஆளுங்க நிக்கிறாங்க. ஒரு நாள் இரும்பு நிக்க வேண்டிய எடத்துல நிக்கலன்னா?"

போனை வைத்துவிட்டு அக்கா அந்தப் பெட்டியையே முறைத்துக்கொண்டு நின்றார். பிறகு ஏதோ தோன்றி, தன் வழக்கப்படி குச்சியை முஷ்டியால் பிடிக்காமல், அண்ணனைப் போல இரண்டு விரலால் மேலே தொட்டு, ஒரு பக்கம் தள்ளி விட்டுப் பார்த்தார். குச்சி உடனே நிமிரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுப்பப்பட்ட ஆளைப் போல, ஆற அமர நடுவுக்கு வந்து சேர்ந்தது.

அக்காவுக்குச் சட்டென்று பிடிபட்டது. குச்சி உடனே திரும்பாததால், இத்தனை நாளும் அவர் முஷ்டி அதை இழுத்து நடுவில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. தினமும் ஆடுகிற கைக்கு அது பழகிப்போய், இழுக்கிறோம் என்பதே மறந்துவிட்டது. வாரத்துக்கு ஒரு நாள் வருகிற அண்ணன் குச்சியை நம்பிக் கையை விட்டார், தோற்றார்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பலகையைத் தூக்கி, அடியில் இருந்த திருகுகளைக் கழற்றினார். குச்சித் தண்டின் அடியிலிருந்த கிளிப்பை நெம்பியதும் அது தெறித்து அடுக்கி வைத்த துணிகளுக்குள் ஓடி ஒளிந்தது. எல்லாவற்றையும் உதறியதில் கடைசியில் யாரோ ஒருவருடைய பேன்ட் மடிப்பில் அகப்பட்டது. தண்டை உருவினால், அது அசைகிற குழி முழுக்கக் கறுப்பாக ஒரு பசை. விரலால் தொட்டு முகர்ந்தார். தையல் மெஷின் எண்ணெய்!

வேறு யாரும் போட்டதில்லை. குச்சி கொஞ்சம் கிறீச்சிட்டால் போதும், பாவம் என்று அக்காவேதான் ஒரு சொட்டு விடுவார். பக்கத்து மெஷினிலிருந்து பறந்து வருகிற பஞ்சுத்தூசி அந்த எண்ணெயில் ஒட்டி ஒட்டிக் கெட்டியாகியிருந்தது. "நல்லா கவனிச்சேன் உன்னை," என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

காலர் அழுக்கு எடுப்பவருக்கு இந்த அழுக்கு எம்மாத்திரம்? கறை நீக்கும் ஸ்பிரிட்டை ஊற்றி, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தார். ஸ்பிரிங்கை இழுத்துப் பார்த்தார், நன்றாகவே இருந்தது. குச்சி அழுத்துகிற சுவிட்சின் தகடுகளுக்கு நடுவில், துணிக்கு நம்பர் போடும் சீட்டை நுழைத்து உருவினார். சீட்டு கறுத்து வந்தது. கறுப்பு நிற்கும்வரை உருவினார். எல்லாம் காய்ந்த பிறகு, எண்ணெய்ப் பக்கமே கை போகாமல், கடையில் வாங்கி வந்த கெட்டி கிரீஸை மெல்லிசாகத் தடவிப் பூட்டினார். தள்ளி விட்டார். டக்கென்று நடுவில் வந்து நின்றது.

போனில் சொன்னால் அண்ணன் நம்பினால்தானே? "எனக்காகச் சொல்ற நீ. ஞாயித்துக்கெழம வரேன். அப்பவும் தோத்தா, அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. விட்டுக்குடுக்குற வேலையும் வேணாம். உன் மூஞ்சிய வச்சே கண்டுபிடிச்சிருவேன்."

விட்டுக்கொடுப்பது என்று அக்கா ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். வாழ்க்கையில் முதல் முறை. எந்தப் பாறையில் கொண்டுபோய் முட்டுவது, அப்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதுகூட யோசித்து வைத்தாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி பெஞ்சில் விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்க, அக்காதான் முதலில் ஆடினார். கப்பலைத் திருப்பினார். பழக்கதோஷம், முஷ்டி குச்சியை வெடுக்கென்று பின்னால் இழுத்தது. குச்சி இப்போது தானாகவே திரும்புகிறது. அக்காவும் சேர்த்து இழுக்கவே, கப்பல் எதிர்ப்பக்கம் பாய்ந்து பாறையில் மோதிச் சிதறியது. அக்கா தேர்ந்தெடுத்து வைத்திருந்த பாறை அது அல்ல. அடுத்த கப்பலும் அப்படியே போனது. அக்காவுக்குச் சுரீரென்று ஏறிவிட்டது. கிரேன், கேட், அண்ணன், போட்டு வைத்த திட்டம் எல்லாம் மறந்துபோய், பல்லைக் கடித்துக்கொண்டு உயிரைக் கொடுத்து ஆடினார். கடைசிக் கப்பலைத் திமிங்கிலம் விழுங்கியது.

அண்ணன் இரண்டு விரலை வைத்தார். திருப்பினார், விட்டார், கப்பல் விட்ட இடத்தில் நின்றது. இடுக்கு இடுக்காகப் புகுந்து முத்துகளைப் பொறுக்கிக்கொண்டே போனார். தங்கையின் எண்ணிக்கையைத் தாண்டியதும் திரையை விட்டுவிட்டுத் தங்கை முகத்தைப் பார்த்தார். மூக்கு சிவந்து, உதடு துடித்து, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"பாப்பா, நெசமாவே தோத்துட்டியா?"

"பேசாத! இது என் குச்சியே இல்ல!" என்று அக்கா பெட்டியை ஓங்கி ஒரு உதை விட்டார்.

அந்த முகத்தை யாராலும் நடித்துக் காட்ட முடியாது. அண்ணனுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். "நாளைக்கு வேற ஆளு வேணாங்க. நானே ஏறுறேன்," என்று ஆரம்பித்தவர், பேச்சை அந்தரத்தில் விட்டுவிட்டு, தன் இரண்டு விரலையே அசைத்து அசைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணி எழுந்து போய் அவர் கையிலிருந்த போனை வாங்கி மீதியைப் பேசினார்.