மூன்றில் நின்ற வொலியூம்

நேற்று மகள் ஹோலில் இருந்து நகத்துக்குக் கியூட்டெக்ஸ் பூசினாள். நல்ல சிவப்பு. அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்கு வெள்ளவத்தை ஞாபகம் வந்தது. கியூட்டெக்ஸ் மணத்துக்கு வெள்ளவத்தையை நினைக்கிற ஆம்பிளை கொட்டாஞ்சேனையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

காரணத்தைச் சொல்கிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. வழி தவறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் போத்தலை வைத்திருந்தது ஒரு கறுப்புப் பெட்டியின் மேல். வீட்டுக்கு வருகிறவர்கள் அதை ஸ்டூல் என்று நினைத்து உட்காருவார்கள். அது என்னுடைய அம்ப். கிட்டாரின் சத்தத்தைப் பெரிதாக்கும் பெட்டி. ஜிந்துப்பிட்டியில் ரேடியோ திருத்துகிற ஒருவர் பலகை அடித்து, உள்ளே கண்ணாடி வால்வு வைத்துச் செய்து தந்தது. சூடேறினால் தூசி கருகுகிற மணம் வரும். முன்பக்கத்தில் மூன்று குமிழ்கள்: வொலியூம், பேஸ், ட்ரெபிள். பேஸைக் கூட்டினால் சத்தம் தடிக்கும். ட்ரெபிளைக் கூட்டினால் கூர்மையாகும். அதற்குமேல் எனக்குத் தெரியாது. தெரியும் என்று அந்த நாளில் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன்.

வொலியூம் ஏழு, பேஸ் இரண்டு, ட்ரெபிள் ஒன்பது. இதுதான் என் கணக்கு. மாறக்கூடாது என்று மூன்று இடத்திலும் சிவப்புப் பொட்டு வைத்தேன். என் மனைவி ரீற்றா கலியாணத்துக்குப் பூசி மிச்சம் வைத்திருந்த கியூட்டெக்ஸ் அது. கேட்காமல் எடுத்தேன். அதற்கு வாங்கிய பேச்சு வேறு கதை.

எனக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பல் சாமான் தூக்குகிற வின்ச் இழுப்பவன். கிழமையில் ஆறு நாள் காதுக்குப் பக்கத்தில் இரும்பு அலறும். வின்ச் சோறு போட்டது, பதிலுக்குக் காதில் இருந்த கூர்ச் சத்தங்களை எல்லாம் எடுத்துக்கொண்டது. இதை டொக்டர் சொன்னது பல வருடம் கழித்து. அந்த வயதில் என் காதில் பிழை இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கிட்டாரில்தான் பிழை. அதனால் ட்ரெபிள் ஒன்பது.

ஏழாம் நாள் ஞாயிறு. காலையில் பூசை, மத்தியானம் சோறு, மூன்று மணிக்கு வெள்ளவத்தையில் கிளப். கடற்கரைப் பக்கம், ரயில் பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பழைய வீடு. முன்பு சனிக்கிழமை இரவில்தான் டான்ஸ் நடந்ததாம். சண்டைக் காலத்தில் இரவில் யார் வெளிக்கிடுவார்கள்? ஞாயிறு பின்னேரத்துக்கு மாற்றினார்கள். ஆறு மணிக்குக் கடைசிப் பாட்டு. இருட்ட முதல் செக்பொயிண்ட் எல்லாம் தாண்டிச் சனம் வீடு சேரவேண்டும். வெயிலில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பைலாப் பாட்டுக்கு ஆடுகிற சனத்தை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள்.

பேண்டில் நாங்கள் மூன்று பேர். பாட்டும் பேஸ் கிட்டாரும் செல்வா அண்ணன். பருத்தித்துறை ஆள், பம்பலப்பிட்டியில் ஒரு கந்தோரில் மேசை வேலை. ட்ரம்ஸ் நிமால், சிங்களப் பெடியன், தமிழில் நன்றாகக் கெட்ட வார்த்தை பேசுவான். மூன்றாவது நான்.

இன்னொரு விசயம் சொல்லவேண்டும். ரயில் போகும்போது ஒரு நிமிடம் எதுவும் கேளாது. நான் ரயிலை வெல்லப் பார்ப்பேன். வொலியூமை ஒன்பதுக்குத் தூக்குவேன். ரயில் போய்விடும். நான் குறைக்க மறந்துவிடுவேன். முன் மேசையில் ஒரு ரிட்டயரான பெரியவர் மனைவியோடு வருவார். காதில் மெஷின். நான் தனியாக வாசிக்கத் தொடங்கியதும் அதைக் கழற்றிச் சேட்டுப் பொக்கட்டில் போடுவார். என் வாசிப்புக்கு மெஷினே தேவையில்லை, வெறுங்காதால் கேட்டுச் சொக்குகிறார் என்றே நான் நினைத்தேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

ஒரு ஞாயிறு, டான்ஸ் முடிந்ததும் மனேஜர் வந்தார்.

"செல்வா, உம்மட கிட்டார்காரன் வாசிச்சா என்ட முன் மேசை நாலும் காலியாகுது. அடுத்த கிழமையும் இப்பிடியெண்டா வேற ஆளைக் கூட்டிக்கொண்டு வாரும்."

எனக்குப் பக்கத்திலேயே நின்று சொன்னார். எனக்குக் கேளாது என்று நினைத்தாரோ தெரியாது.

செல்வா அண்ணன் வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார். "டேய், குறையடா. உன்ட சத்தத்துக்கு எனக்குப் பல்லுக் கூசுது."

"அண்ணை, எனக்கே கேக்கேல்ல. இன்னும் குறைச்சா எப்பிடி?"

"மச்சான், ஒனக்குக் கேக்காது. களுத்துறைக்குக் கேக்குது," என்றான் நிமால்.

அந்த இடம் போனால் எனக்கு என்ன மிச்சம் என்று யோசித்தேன். ஆறு நாள் என்னை "டேய் வின்ச்" என்றுதான் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெள்ளைச் சேட்டு, பெயர் சொல்லி ஒரு கும்பிடு. அது போகப் பார்த்தது. ஆனாலும் நான் பொட்டை மாற்றவில்லை. குறைத்தால் அவர்கள் சொன்னது சரியென்று ஆகிவிடும்.

அடுத்த ஞாயிறு த்ரீவீலில் கிட்டாரையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு வந்தேன். கொள்ளுப்பிட்டியில் மறித்தார்கள். வழக்கமாக நிற்கிற ஆமிக்காரர் என் பெட்டியைப் பழகியவர், கையைக் காட்டிவிடுவார். அன்று புதியவன். இருபது வயது இருக்கும். கறுப்புப் பெட்டி. பின்னால் வயர். கொண்டுவருகிறவன் தமிழன். அவன் இடத்தில் நான் நின்றாலும் மறித்திருப்பேன்.

"மேக்க மொகக்த?" என்றான். இது என்ன என்று.

சிங்களத்தில் சொன்னேன். நம்பவில்லை. ஐடென்டிகாட்டைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், திரும்ப ஐடென்டிகாட்டைப் பார்த்தான். த்ரீவீல்காரன் பெட்டியை இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டான். பயம் இருந்தது. அதைப்பற்றி எழுத அவ்வளவுதான்.

"கஹலா பென்னன்ன," என்றான். அடித்துக் காட்டு.

நடுத்தெருவில் கரண்டுக்கு எங்கே போவது? பக்கத்தில் ஒரு சலூன். அவனே உள்ளே போய், முடி வெட்டுகிற மெஷினின் பிளக்கைக் கழற்றி என் வயரைச் செருகினான். பாதித் தலை வெட்டிய ஒரு மனுசன் துணியைப் போர்த்திக்கொண்டு கதிரையில் இருந்து பார்த்தார். வால்வு சூடேறும்வரை எல்லோரும் சும்மா நின்றோம். அந்த ஒரு நிமிடம் நீளம்.

வாசித்தேன். வொலியூம் ஏழு, ட்ரெபிள் ஒன்பது. சலூன் கண்ணாடி அதிர்ந்தது. பாதித் தலைக்காரர் இரண்டு காதையும் பொத்தினார்.

"அடு கரன்ன! அடு கரன்ன!" குறைக்கச் சொல்லிக் கத்தினான். நான் குனிய முதல் அவனே குனிந்து திருகினான். பிறகு செய்ததுதான் புதினம். வாசிக்கச் சொல்லிவிட்டு, தெருவைக் கடந்து போய் மண்மூட்டைக்குப் பக்கத்தில் நின்று கேட்டான். திரும்பி வந்து ட்ரெபிளைக் குறைத்தான். திரும்பவும் போனான். கேட்டான். வந்து பேஸைக் கொஞ்சம் கூட்டினான். மூன்று தரம் போய்வந்தான். துவக்கு தோளில் ஆடிக்கொண்டே இருந்தது. கடைசியில் அங்கே நின்றபடியே கையைத் தூக்கி, "ஹரி!" என்றான். சரியாம்.

சோதனை எப்போது முடிந்தது, பாட்டுக் கேட்பது எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரிந்திராது.

வேறு த்ரீவீல் பிடித்துக் கிளப்புக்குப் போய்ச் சேரும்போது டான்ஸ் தொடங்கி அரை மணித்தியாலம். செல்வா அண்ணன் பாடிக்கொண்டே என்னை முறைத்தார். செருகினேன், வாசித்தேன். ஒன்றும் கேட்கவில்லை. வால்வு போய்விட்டது என்று நினைத்தேன். ஆமிக்காரன் குமிழைத் திருகியது அந்த அவசரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை. குனிந்து பார்க்க நேரமில்லை. ஒருவருக்கும் கேட்காது, இன்றோடு முடிந்தது, பிறகென்ன என்று விரல் போனபடி மெதுவாக வாசித்தேன். ரயில் வந்தது. அதை வெல்ல நான் போகவில்லை. செத்த பெட்டியை வைத்துக்கொண்டு எப்படி வெல்வது?

ரயில் போனபிறகு பார்த்தால் முன் மேசைக்காரர் மெஷினைப் பொக்கட்டில் இருந்து எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டிருந்தார். நாலு மேசையும் அப்படியே இருந்தது.

இடைவேளையில் மனேஜர் வந்தார். "இண்டைக்குத்தான் மனுசர் மாதிரி வாசிச்சனீர்," என்றார்.

அவர் போனபிறகு குனிந்து பார்த்தேன். வொலியூம் மூன்று. பேஸ் ஐந்து. ட்ரெபிள் நாலு. குமிழ்கள் என் சிவப்புப் பொட்டுகளை விட்டு எங்கேயோ நின்றன.

"டேய், என்னடா செய்தனீ?" என்றார் செல்வா அண்ணன்.

"யோசிச்சு மாத்தினனான், அண்ணை," என்றேன்.

ஓம். அப்படித்தான் சொன்னேன். அந்தப் பொய்யோடு இன்னும் ஆறு வருடம் அந்த மேடையில் நின்றேன். வேறு பேண்ட்காரர்கள் வந்து என்னிடம் அம்ப் எப்படி வைப்பது என்று கேட்டார்கள். தூரப் போய் நின்று கேட்கவேண்டும் என்று அவர்களுக்குச் சொன்னேன். பெரிய கெட்டிக்காரன்.

அந்த ஆமிப் பெடியனுக்காவது உண்மையைச் சொல்லவேண்டும் என்று அடுத்த ஞாயிறு நேரத்தோடு வெளிக்கிட்டேன். வசனத்தைத் த்ரீவீலில் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். "ஒயா தியபு தென ஹரி, மல்லி." நீ வைத்த இடம் சரி, தம்பி. மண்மூட்டையில் வேறு ஆள் நின்றான். கேட்டேன். வடக்குக்கு அனுப்பிவிட்டார்களாம். ரீற்றாவின் அக்கா குடும்பம் அந்தப் பக்கம். என்ன நினைப்பதென்று எனக்கு அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. அன்று பின்னேரம் மூன்றிலேயே வாசித்தேன்.

இப்போது கிளப் இருந்த இடத்தில் பதினொரு மாடி. செல்வா அண்ணன் கனடாவில். நிமாலுக்கு முதுகு பிடித்துவிட்டது, ட்ரம்ஸை விற்றுவிட்டான். பழைய வால்வு எங்கும் கிடைப்பதில்லை. பெட்டி ஸ்டூலாகிவிட்டது. என் காதிலும் மெஷின். ரீற்றா கதைக்கத் தொடங்கினால் கழற்றிப் பொக்கட்டில் போடுகிறேன். முன் மேசைப் பெரியவரின் சுகம் இப்போதுதான் விளங்குகிறது.

போன மாதம் பஸ்ஸில் வெள்ளவத்தைக்குப் போனேன். கொட்டாஞ்சேனையில் இருந்து ஒருவரும் மறிக்கவில்லை. நல்லது. வழியில் கொள்ளுப்பிட்டியில் இறங்கிப் பார்த்தேன். சலூன் இல்லை, போன் கடை. மண்மூட்டை இருந்த இடத்தில் பஸ் தரிப்பிடம். அவன் நின்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். மெஷினின் சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டு கேட்டேன். ஹோர்ன் சத்தம். அடுத்த பஸ் வந்தது. ஏறினேன்.

அவனுக்குச் சொல்ல வைத்திருந்த அந்தச் சிங்கள வசனம் மட்டும் இன்னும் பிழையில்லாமல் வாயில் இருக்கிறது.