சுற்று ரயில் ஓட்டுநரின் திசைவேகம்

ரங்கூன் சுற்று ரயிலை இருபத்திரண்டு வருஷமாக ஓட்டிய மியோ தன், நெடுந்தூர வண்டி ஓட்டுநர் பரீட்சையில் ஒரே ஒரு மார்க்கில் கோட்டை விட்டார். அதுவும் எந்தக் கேள்வியில்? சுற்று ரயிலைப் பற்றிய கேள்வியில். கேட்டவர்களெல்லாம் சிரித்தார்கள், அவருக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நெடுந்தூர வண்டி கிடைத்தால் மோல்மீன் ஊருக்குப் போய்வரலாம் என்பதுதான் அவர் ஆசை. படுத்த படுக்கையான தன் தகப்பனைப் பார்த்துக்கொள்ள மனைவி சான் யீ அங்கே போய் ஆறு வருஷமாகிறது. மீன்குழம்பு ஊற்றிய சேமியா, மொகிங்கா, அதற்கொரு கடை போட்டுப் பிழைக்கிறாள். இவருக்கு வருஷத்தில் இரண்டு முறைதான் லீவு. மற்ற நாளெல்லாம் தானே சமைத்து, தானே தின்று, அவள் தலையணையையும் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுப்பார். அவளில்லாத வீடு அவருக்குப் பிடிக்கவேயில்லை.

கேள்வி இதுதான்: ஒரு ரயில் நாற்பத்தாறு கிலோமீட்டரை மூன்று மணி நேரத்தில் சுற்றிக் கிளம்பிய நிலையத்துக்கே வருகிறது, சராசரித் திசைவேகம் என்ன? பதினைந்து சொச்சம் என்று எழுதினார். விடை பூஜ்யம்.

தினமும் இன்செயின் நிலையத்தில் ஏறும் பௌதிக டீச்சர் நீலாரைப் பிளாட்பாரத்திலேயே மடக்கிப் பிடித்து விளக்கம் கேட்டார் மியோ தன்.

"வேகம்னா எவ்வளவு ஓடினோம்னு மட்டும்தான் பாக்கும், மியோ அண்ணே. திசைவேகம் அப்படியில்ல. கிளம்பின எடத்துலேர்ந்து எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி வந்திருக்கோம்னு பாக்கும். நீங்கதான் கிளம்பின எடத்துக்கே வந்துடறீங்களே."

"அப்ப இருபத்திரண்டு வருஷமா நான் எங்கயும் போகலியா, சயாமா?"

கணக்குப்படி போகவில்லை என்றார் டீச்சர், கொஞ்சம் தயங்கி. போகிற போக்கில் முடுக்கத்தையும் சொல்லிவைத்தார். வேகத்தைக் கூட்டினால் குறைத்தால் மட்டுமில்லை, வேகமுள் அசையாமல் வளைவில் திரும்பினாலும் முடுக்கம்தான், திசை மாறுகிறதே என்றார். அதை மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார் மியோ தன். ஒவ்வொரு வளைவிலும் அது அவர் இடுப்புக்குத் தெரிந்த சங்கதி.

மறுவருஷமும் அதே கேள்வி. பூஜ்யம் என்று எழுதக் கை வரவில்லை. தன் ஆயுசுக்குத் தானே மார்க் போடுவது போலிருந்தது. சான் யீயை நினைத்துக்கொண்டு கண்ணை மூடி எழுதினார். பாஸ்.

உத்தரவு வந்தது: மாண்டலே வண்டி. விண்ணப்பத்தில் 'நெடுந்தூர வண்டி' என்று மட்டும் எழுதியிருந்தார் மனுஷர். எந்தப் பக்கம் போகிற வண்டி என்று எழுதவில்லை. அத்தனை பாடம் கேட்டும் திசையை விட்டுவிட்டாரே என்று அவரையே அவர் திட்டிக்கொண்டார். மாற்றித்தர முடியாது என்றுவிட்டது அலுவலகம்.

ரங்கூனிலிருந்து பெகு வரைக்கும் இரண்டு ஊருக்கும் ஒரே தண்டவாளம். அங்கே பிரிந்து ஒன்று வலப்பக்கம் மோல்மீனுக்கும், இன்னொன்று வடக்கே மாண்டலேக்கும் போகிறது. முதல் நாள் பெகுவில் வண்டி நின்றபோது, அந்த வலப்பக்கத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சான் யீக்குப் போன் செய்தார்.

வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டாள். அறுபதில் போகிறது என்றார்.

"பெகு வரைக்கும் என் பக்கமாத்தானே வர்றீங்க?"

"பெகு வரைக்கும்தான்."

கடையில் யாரோ கிண்ணம் கேட்கும் சத்தம் வந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனுக்குத் திரும்பினாள்.

"அப்ப இனிமே அது வரைக்கும் மெதுவா ஓட்டுங்க," என்றாள்.