விளிம்புக்குள் ஒரு சங்கிலி

ஒஸ்லோவில் வீட்டைப் பூட்டியதும் எல்லோரும் திறப்பைத் தொட்டுப் பார்ப்பார்கள். நான் உடுப்பின் விளிம்பைத் தடவிப் பார்ப்பேன். இங்கே வந்து இருபது வருடமாகியும் விடாத வியாதி. யாழ்ப்பாணத்திலிருந்து ஊரோடு ஊராக இடம்பெயர்ந்தபோது அம்மா தன் சங்கிலியை என் பாவாடை விளிம்புக்குள் வைத்துத் தைத்துவிட்டார். நாவற்குழிப் பாலம் தாண்டும்வரை அதைப் பிடித்தபடியே நடந்தேன்.

அதனால்தான் ஒஸ்லோவின் ட்வெய்ட்டாப் பகுதியில் நான் புதிதாகச் சேர்ந்த தையற்கடையில், ஒரு நோர்வே மூதாட்டியின் பழைய ஜாக்கெட்டுக்கு உள்துணி மாற்றப் பிரித்தபோது விளிம்பில் சங்கிலி தட்டுப்பட்டதும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன். பாவம், இவளுடைய தாயும் போர்க்காலத்தில் எங்கிருந்தோ ஓடியிருக்கிறாள்! நூல் நூலாகப் பிரித்தெடுத்து, துணியில் பொதிந்து வைத்தேன். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு கிழமைதான் இருந்தது. நேர்மைக்கு நல்ல பெயர் கிடைக்கும் என்ற நப்பாசையும் இருந்தது, மறைப்பானேன்?

ஜாக்கெட்டை வாங்க வந்த மூதாட்டி பொதியைப் பிரித்தாள். “உங்கள் அம்மா ஒளித்து வைத்த நகை” என்றேன், எனக்குத் தெரிந்த நோர்வே மொழியில்.

“நை, நை! இதை ஏன் எடுத்தீர்கள்?”

ஜாக்கெட்டைப் போட்டுக் கைகளை உயர்த்திக் காட்டினாள். விளிம்பு மேலேறி ஒரு பக்கம் கோணிக்கொண்டு நின்றது. முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் வேலை போயே போய்விட்டது என்று நினைத்தேன். நாளைக்கே பழையபடி தைத்துக் கொடுக்கும்படி சொன்னார்.

வீட்டில் மகள் போனில் தேடிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். “ஐயோ அம்மா, அது நகையில்லை, பாரம்! ஜாக்கெட் அசையாமல் நிக்கிறதுக்கு ஒரு பிரெஞ்சுக்காரி செய்த வேலை.”

அந்தப் பிரெஞ்சுக்காரி தாயை இழந்து, கன்னியாஸ்திரிகளின் மடத்தில் வளர்ந்து தையல் பழகியவளாம். பெண்களின் இடுப்பை நெரித்த கச்சையிலிருந்து அவர்களை விடுவித்து, ஆண்களின் உள்ளாடைத் துணியில் அவர்களுக்கு உடுப்புத் தைத்தவளாம். துக்கத்துக்குரிய கறுப்பைக் கொண்டாட்டத்துக்குக் கொண்டுவந்தவளும் அவள்தானாம். கலியாண வீட்டுக்குக் கறுப்பில்தான் வருவேன் என்று என் மகள் ஒற்றைக்காலில் நிற்பதற்கு மூலகாரணம் யாரென்று அன்றுதான் தெரிந்தது. ஆனால் அந்தச் சங்கிலி மட்டும் மனதை விடவில்லை. தாயில்லாத அவள் அதை நிற்பதற்காக வைத்தாள். என் தாய் ஓடுவதற்காக வைத்தார்.

மறுநாள் தைத்துக் கொடுத்தேன். மூதாட்டி கைகளை உயர்த்தினாள், விளிம்பு அசையவில்லை. வேலை தப்பியது. அடுத்த கிழமை நிரந்தரமாகவும் ஆனது. நிம்மதி மட்டும் வரவில்லை.

நேற்று என் குளிர்ஜாக்கெட்டின் விளிம்புக்குள் என்னுடைய பவுண் சங்கிலியை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். மகள் கண்டுவிட்டாள்.

“காத்துக்கு எழும்பாமல் நிக்கிறதுக்கோ அம்மா?”

“ஓம்” என்றேன், அவள் முகத்தைப் பாராமல். நூலை இரட்டையாக்கி இன்னொருமுறை இறுக்கினேன். ஓடும்போது அறுந்துவிடக் கூடாது.