கரையில் காவல்

ஹூஸ்டன் பக்கத்து பேர்லேண்ட் மீனாட்சி கோயிலில் தெரிந்தவர் யாரைப் பார்த்தாலும் நஞ்சுண்டன் சொல்லிவிடுவார்: "கிரீஸ் மாதிரி ரிலாக்ஸிங்கா ஒரு வெக்கேஷன் லைஃப்லயே பண்ணதில்லைங்க." உண்மைதான். அவருக்கு ஓய்வு கிடைத்தது. அதைக் கொடுத்தது அங்கே போய்த் தங்கிய தீவு அல்ல, அவர் மனைவி சாந்தாமணி.

சாந்தாமணி ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறார். சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். சிறு வயதில் அண்ணன்கள் வாய்க்காலில் குதித்து நீந்தும்போது இவருக்குக் கரையில் ஒரு வேலை இருந்தது. அவர்களுடைய சட்டைகளுக்குக் காவல். தானும் இறங்கக் கேட்டதற்கு, பொட்டப்புள்ளைக்கு எதுக்குத் தண்ணி என்று வீட்டில் பேச்சை முடித்துவிட்டார்கள்.

ஐம்பதை நெருங்கும் வயதில், கிரீஸில் உள்ள நாக்ஸோஸ் தீவுக்குப் போவது முடிவானதும், அவர் நீச்சல் வகுப்பில் சேர்ந்தார். குளிர்காலம் முழுக்க, வேலை முடிந்த களைப்போடு போய், மூக்கில் தண்ணீர் ஏறி இருமி, கற்றுக்கொண்டார். முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கும் பயம் போகவே பல வாரம் ஆயிற்று. கடலில் ஒரு முறை நீந்த வேண்டும். அந்தப் பயணத்தில் அவர் கேட்டது அவ்வளவுதான்.

நஞ்சுண்டன் பார்த்தது வேறு. நண்பர் சத்தியசீலன் குடும்பத்தோடு சேர்ந்து தீவில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துவிட்டு, பரிசு கொடுப்பவர் போலச் சொன்னார்: "ஃபுல் கிச்சன் இருக்கு சாந்தா. உனக்குக் கவலையே இல்ல."

யாருக்குக் கவலை இல்லை? பெட்டியில் துணிக்கு முன்பாக அரிசி ஏறியது. பருப்பு, ரசப்பொடி, ஊறுகாய், கடைசியில் டெக்சாஸ் வீட்டு ரைஸ் குக்கர். "அடாப்டர் வாங்கியாச்சு" என்றார் நஞ்சுண்டன். அவர் எலக்ட்ரிக்கல் இன்ஜினியர். அந்த அடாப்டர் ப்ளக்கை அங்கே மாட்ட உதவும், அமெரிக்காவைப்போல் இரண்டு மடங்கான அங்கத்திய வோல்டேஜைக் குறைக்காது. போய் இறங்கிய அன்றே குக்கர் படபடத்து, புகைந்து, பிளாஸ்டிக் நாற்றத்தோடு அணைந்தது.

"நீயாவது ஒரு தடவை செக் பண்ணிருக்கக் கூடாதா?" என்றார் இன்ஜினியர்.

அதன்பிறகு பாத்திரத்தில் சாதம் வடிக்க வேண்டியதாயிற்று. அடுப்பை விட்டு நகர முடியாது. மற்றவர்கள் கடலுக்குப் போனார்கள், வந்தார்கள், சாப்பிட்டார்கள், மறுபடி போனார்கள். வீட்டுக்கு எதிரிலேயே ஓர் உணவகம் இருந்தது. தக்காளியில் வெந்த பெரிய பீன்ஸ், எண்ணெய் மினுங்கும் கத்தரிக்காய், கட்டித் தயிர். சைவக்காரருக்கு அங்கே ஒரு குறையும் இல்லை. ஆனால் வெளியே சாப்பிட்டால் நஞ்சுண்டனுக்கு வயிறு ஒத்துக்கொள்ளாதாம். ஹூஸ்டனில் ஆபீஸ் பக்கத்து வண்டியில் வரிசையில் நின்று மெக்சிகன் டாக்கோ வாங்கும் அதே வயிறு.

மணல் ஒட்டிய காலோடு உள்ளே வந்த சத்தியசீலன் ரசத்தை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "அக்கா, இதுக்கு முன்னாடி கிரீஸாவது ஒண்ணாவது."

"புகழ்ந்தே ஆளக் கொல்லுங்க" என்றார் அவர் மனைவி கிருபாராணி. "எந்திச்சு அந்தத் தட்டக் கழுவுங்களேன்."

எல்லாரும் சிரித்தார்கள். தட்டு மேஜையிலேயே கிடந்தது.

நடுவில் ஒரு நாள் சாந்தாமணி நீச்சல் உடையோடு கரை வரைக்கும் போனார். "நாங்க இறங்கறோம் சாந்தா" என்றார் நஞ்சுண்டன். "பாஸ்போர்ட் எல்லாம் உள்ள இருக்கு. பையப் பாத்துக்கோ." சாந்தாமணி உட்கார்ந்தார். அவர்கள் கரையேறியபோது எல்லாருக்கும் பசி.

கடைசி நாளுக்கு முந்தின இரவு, கல்லூரியில் படிக்கும் மகள் வெண்பா கேட்டாள்: "அம்மா, யூ டுக் ஆல் தோஸ் லெசன்ஸ். ஒய் ஆரின்ட் யூ ஸ்விம்மிங்?" இரண்டாம் முறை சாதத்துக்குத் தட்டை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

மறுநாள் காலை அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. சாந்தாமணி கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு உடை மாற்றிக்கொண்டு கிளம்பினார்.

குடைக்குக் கீழே படுத்திருந்த நஞ்சுண்டன் எழுந்து உட்கார்ந்தார். "அதுக்குள்ள சாப்பாடு ரெடியா?"

"அரிசி பாதி வெந்திருக்குதுங்க. மீதிய நீங்க போய்ப் பாருங்க."

"எனக்கு எங்க அதெல்லாம் தெரியும்?"

"அப்ப எதுத்த கடையில சாப்பிடுங்க."

கண்ணாடியைக் கழற்றிப் பாஸ்போர்ட் பையில் போட்டார். பையைக் கணவர் மடியில் வைத்தார். "இதையும் பாத்துக்கோங்க."

"போங்கக்கா, திரும்பிப் பாக்காமப் போங்க" என்றார் பக்கத்தில் இருந்த கிருபாராணி.

தண்ணீர் நினைத்ததைவிடச் சில்லென்றிருந்தது. முதல் அலை வாயில் உப்பை அடித்தது. நின்று, துப்பிவிட்டு, முகத்தை உள்ளே வைத்துக் காலை உதைத்தார். கொஞ்ச தூரம் போய்த் தலையைத் தூக்கியபோது கரையில் நஞ்சுண்டன் பையை நெஞ்சோடு அணைத்தபடி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். காதில் விழவில்லை. நீச்சல் குளத்தில் தொட்டுத் திரும்ப ஒரு சுவர் இருக்கும். இங்கே அது இல்லை. சாந்தாமணி கரையை ஒட்டியே இன்னும் கொஞ்சம் நீந்தினார்.